குரங்குக்கும் ஆதாமுக்கும் நடுவில ஒரு கதிரை

மொழிபெயர்ப்பு எண்டது ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு வாங்கிற வேலை. பள்ளிக்கூடத்துக்காரர், "நான் இவ்வளவு நேரம் கதைச்சன், நீ ரெண்டு வசனத்தில முடிச்சுப்போட்டாய்" எண்டு ஒரு பார்வை பாப்பினம். எங்கட ஆக்கள், "நான் ரெண்டு சொல்லுத்தானே சொன்னனான், நீர் என்ன அவ்வளவு நீட்டுக்குச் சொல்லுறீர், ஏதும் போட்டுக் குடுக்கிறீரோ" எண்டு வேற ஒரு பார்வை பாப்பினம். ரெண்டுக்கும் நடுவில கதிரையைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருக்கிறம்.

சம்பளத்துக்குச் செய்தால்தான் இந்தக் கஷ்டம் தெரியும் எண்டில்லை. சின்னனில அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்ட வருத்தம் சொன்ன பிள்ளையள், ஹீற்றர் வேலை செய்யேல்லை எண்டு வீட்டுக்காரனோட அப்பாவுக்காகச் சண்டை பிடிச்ச பிள்ளையள், நீங்கள் எல்லாரும் என்ர கட்சிதான். உங்களை நினைச்சுத்தான் இதை எழுதிறன். மற்றவைக்கு விளங்காது, விளங்கினாலும் நம்பமாட்டினம்.

நான் மொன்றியலின்ர வடக்குப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்வந்தனான். பெற்றோர் கூட்டம் எண்டால் கூப்பிடுவினம். வழமையா மார்க் குறைவு, பெடியளுக்குள்ள அடிபாடு, தலையில பேன், இவ்வளவுதான் விசயம். ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருசங்களில புதுசா ஒண்டு வந்து சேர்ந்தது. மனிசன் குரங்கு வழியில வந்தவனோ, ஆண்டவர் மண்ணில பிசைஞ்சவரோ, பள்ளிக்கூடத்தில எதைப் படிப்பிக்கிறது எண்டு இங்கத்தைப் பேப்பரிலயும் ரேடியோவிலயும் அடிபட்டுக்கொண்டிருந்தவை. அடிபாடு பேப்பரில நடந்தது. அடி விழுந்தது எனக்கு.

நான் எண்டால் நானில்லை

எங்கட வேலைக்கு ஒரு சட்டம் இருக்கு. ஆர் கதைக்கினமோ அவையாகவே கதைக்க வேணும். ரீச்சர் "நான்" எண்டால் நானும் "நான்" எண்டுதான் சொல்ல வேணும். "அவர் இப்பிடிச் சொல்லுறார்" எண்டு நைசா விலகி நிக்கக் கூடாது. பழக்கேக்க இது நல்ல சட்டம் மாதிரித்தான் கிடந்தது. எங்கட சனத்துக்கு முன்னால இருந்து செய்து பாக்கவேணும், அப்ப தெரியும் சங்கதி.

வில்லரேயில ஒரு பெரிய பள்ளிக்கூடம். பூமணி அக்கா வந்திருந்தா. அம்பது வயசு வரும், தையல் பக்டரியில வேலை, கோட்டைக் கழட்டாமலே கதிரை நுனியில இருந்தா. பக்கத்தில மகள் நிரோஜா, பதினாலு வயசு. அக்கா முந்திச் சைவம், இப்ப ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போறா. தன்ர பிள்ளையை அந்தக் குரங்குப் பாடத்தில இருந்து விலத்தி விடுங்கோ எண்டு கேக்கத்தான் வந்தவ. விஞ்ஞானம் படிப்பிக்கிற முசியே மார்செல், பென்சன் எடுக்கிற வயசு மனுசன். கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு மெதுவாச் சொன்னார். நானும் சட்டப்படி மெதுவாத் தமிழில சொன்னன்: மனிசனும் குரங்கும் ஒரே மூதாதையில இருந்து வந்ததெண்டுதான் நான் படிப்பிக்கிறன், அதை நான் விடமாட்டன், பாடத்துக்கு வராட்டி பிள்ளை சோதினையில பெயில்.

பூமணி அக்கா அந்த மனுசனைப் பாக்கவே இல்லை. என்னைத்தான் மேலும் கீழும் பாத்தா. பேந்து சரியா மனம் நொந்துபோய்க் கேட்டா: "ஏன் தங்கச்சி, ஒரு தமிழ்ப் பிள்ளையா இருந்துகொண்டு நீரும் உதையோ படிப்பிக்கிறீர்?"

பென்சில் கூர்

அண்டைக்கு இன்னொரு வில்லங்கமும் நடந்தது. எவலூசன் எண்டதுக்கு நாங்கள் யாழ்ப்பாணத்தில படிச்ச சொல்லு கூர்ப்பு. விஞ்ஞானப் புத்தகத்தில அப்பிடித்தான் இருந்தது, நானும் பாடமாக்கித்தான் சோதினை எழுதினனான். பூமணி அக்கா எட்டாம் வகுப்போட நிண்டவ. நான் "கூர்ப்பு, கூர்ப்பு" எண்டு சொல்லச் சொல்ல அவ மகளின்ர பென்சிலைப் பாக்கிறா. பென்சிலைக் கூராக்கிறதுக்கு ஏன் குரங்கு எண்டு யோசிச்சிருப்பா, பாவம்.

எங்களோட இதே வேலைக்குக் கார்த்திக் எண்டு ஒரு தம்பியும் வாறவர், சென்னையில இருந்து யூனிவர்சிற்றிக்குப் படிக்க வந்தவர். அவருக்குப் போன் அடிச்சன். "பரிணாம வளர்ச்சின்னு சொல்லுங்கக்கா, ஈஸியா புரிஞ்சிடும்" எண்டார். அதை நம்பிக்கொண்டு போய் அஹுன்ட்சிக் பக்கப் பள்ளிக்கூடத்தில ஒரு தகப்பனிட்ட எடுத்துவிட்டன். அவர், "பரிமாறிறதோ? மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியோ கதைக்கினம்?" எண்டு மகன்ர சாப்பாட்டுப் பெட்டியைத் தேடத் தொடங்கிட்டார். ஐயோ, கூர்ப்பும் வேண்டாம் பரிணாமமும் வேண்டாம் எண்டு, குரங்கு, மனிசன், கனகாலம், கொஞ்சம் கொஞ்சமா மாறினது எண்டு கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடிச்சன். மனுசன் எழும்பிப் பாயப்போறார் எண்டு நான் பயந்தால், அவர் கையைக் கட்டிக்கொண்டு வடிவாக் கேட்டுப்போட்டு ரீச்சருக்குச் சொல்லச் சொன்னது இதுதான்: "குரங்கில இருந்து வந்தால் என்ன, கழுதையில இருந்து வந்தால் என்ன, அவன் டொக்டராப் போனால் எனக்குக் காணும்."

ஒரு புருசன், ஒரு பெண்சாதி

புருசன் கோயிலுக்குப் போறவர், பெண்சாதி சபைக்குப் போறவ, இப்பிடி ஒரு சோடி. பிள்ளை பாடத்துக்கு இருக்கட்டும் எண்டு இவர், வேண்டாம் எண்டு அவ. ரீச்சருக்கு முன்னால வீட்டுச் சண்டை முழுக்க வெளியில வந்துட்டுது. அந்த ரீச்சர்ப் பிள்ளை பேனையைப் பிடிச்சுக்கொண்டு, "என்ன சொல்லுகினம், என்ன சொல்லுகினம்" எண்டு என்னைக் கேக்கிறா. சட்டம் சட்டம்தானே. அந்த மனுசி கடைசியாச் சொன்னதை "நான்" எண்டு போட்டு, முகத்தை நேரா வைச்சுக்கொண்டு பிரெஞ்சில சொன்னன்: "வீட்டில நான் ஒரு குரங்கோட சீவிக்கிறது காணாதெண்டோ பள்ளிக்கூடத்திலயும் குரங்கைக் கொண்டுவாறியள்?"

யன்னல்

பூமணி அக்கா விடுற ஆள் இல்லை. திரும்பவும் கூட்டம் கேட்டா. இந்த முறை பள்ளிக்கூடத்துத் தலைவியும் வந்திருந்தா. அந்தக் காலத்தில பிள்ளையளுக்குச் சமயமோ ஒழுக்கமோ ஏதாவது ஒரு பாடத்தைத் தெரிவு செய்யலாம். அதில உங்கட விருப்பம், ஆனால் விஞ்ஞானத்தில விலக்கு இல்லை எண்டு அவ நல்லமாதிரித்தான் சொன்னா. பூமணி அக்கா, ஆண்டவர் ஆதாமை மண்ணில படைச்சவர், அவற்ற நாசியில சுவாசத்தை ஊதினவர் எண்டு, பாடமாக்கினதை ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி, மேசையைப் பாத்துக்கொண்டு சொன்னா. ஒரு சொல்லிலயும் உயிர் இல்லை. எனக்கு அப்பவே ஏதோ பிழை எண்டு பட்டது.

முசியே மார்செலுக்குக் கோவம் வந்திட்டுது. அவர் கோவிச்சதை நான்தானே கோவிக்க வேணும். "என்ர அம்மா பன்ரண்டு பிள்ளை பெத்தவ" எண்டு பிள்ளை குட்டி இல்லாத நான் சொன்னன். பாதிரியார் வீட்டுக்கு வந்து அடுத்தது எப்ப எண்டு கேட்டுக்கொண்டு போவார், கடைசிப் பிள்ளைப்பேறோட அவ போயிட்டா, முந்தி இங்கத்தைப் பள்ளிக்கூடங்களை நடத்தின பாதிரியாரை வாசலால வெளியில அனுப்ப எங்களுக்கு ஒரு தலைமுறை பிடிச்சது, இப்ப யன்னலால உள்ளுக்கு விடமாட்டன் எண்டு சொல்லி முடிக்க எனக்கே மூச்சு வாங்கிச்சு.

தலைவி நிலத்தைப் பாத்தா. பூமணி அக்காவும் கோவிப்பா எண்டுதான் நினைச்சன். அவ அப்பதான் முதல் தரம் அந்த மனுசனை நிமிந்து பாத்தா. ஆதாமெல்லாம் எங்கையோ போட்டுது. "தாய் சாகேக்க அவருக்கு எத்தினை வயசெண்டு ஒருக்காக் கேளும் தங்கச்சி."

பஸ் தரிப்பு

வெளியில வந்தாப்பிறகு கூட்டத்துக்கு வந்த ஆக்களோட கதைக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான். அந்தச் சட்டத்தை எழுதின ஆள் மொன்றியல் மாசி மாசத்தில பஸ்ஸுக்கு நிக்கேல்லைப்போல. கண்ணாடிக் கூட்டுக்குள்ள நானும் பூமணி அக்காவும்தான், வெளியில சினோப் பனி கொட்டுது, பஸ்ஸைக் காணேல்லை. எனக்குப் பொறுமையும் போட்டுது. "அக்கா, பிள்ளை பெயில் விட்டால் ஆதாம் வந்தோ மார்க் போடப்போறார்? உங்களுக்கு உண்மையா என்னதான் பிரச்சினை?" எண்டு சீறிப்போட்டன்.

அவ அழேல்லை. கையுறையைக் கழட்டித் திரும்பப் போட்டா. நிரோஜாவுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தவன், சுதன். ஊரில சண்டைக் காலம், பதினேழு வயசு, ரியூசனுக்கெண்டு சைக்கிளில போனவன் வரேல்லை. நிரோஜா அப்ப தவழுற குழந்தை. போகாத இடமில்லை, கேக்காத ஆளில்லை. இங்க வந்தாப்பிறகு எந்த அரசாங்கக் கந்தோரிலயும் எத்தினை பிள்ளையள் எண்டு கேப்பினம். முதல் ஆரோ ஒருத்தர் மொழிபெயர்த்தவர், பேந்து நிரோஜா வளந்து அவளே சொல்லத் தொடங்கினாள்: அண்ணா டிஸ்பாரு. காணாமல் போனதுக்குப் பிரெஞ்சில அதுதான் சொல்லு. "பிரெஞ்சில எனக்குத் தெரிஞ்சது போன்சூர், மெர்சி, டிஸ்பாரு. இவ்வளவும்தான்" எண்டா பூமணி அக்கா. அவவின்ர மனுசன் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில வீடு வாங்குவம் எண்டு நிக்கிறாராம். இவ மாட்டன் எண்டு, முதல் வந்து இருந்த வில்லரே பேஸ்மென்றிலயே கிடக்கிறா. தேடித் தாறம் எண்ட எல்லாருக்கும் குடுத்தது அந்த விலாசத்தைத்தானே.

ஒருநாள் பின்னேரம் இவ வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்க, நிரோஜா குசினி மேசையில இருந்து விஞ்ஞானம் படிச்சிருக்கிறாள். சத்தமாத்தான் படிக்கிறவள். பூமிக்கு மேல முந்தி இருந்து இப்ப இல்லாத மிருகங்கள். வரிக்கு வரி அந்தச் சொல்லு, டிஸ்பாரு, டிஸ்பாரு. தாய்க்குக் கை நிண்டுட்டுது. உந்தச் சொல்லுக்கு என்னடி கருத்து எண்டு கேட்டிருக்கிறா. பிள்ளை புத்தகத்தில இருந்து தலையை எடுக்காமல், "முடிஞ்சுது அம்மா. இனி ஒருக்காலும் வராது. அண்ணா மாதிரி" எண்டு சொல்லியிருக்கிறாள்.

பஸ் வந்து நிண்டது. நாங்கள் ஏறேல்லை. குரங்கும் இல்லை, ஆதாமும் இல்லை, அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மனுசி ரெண்டு தரம் லீவு எடுத்துப் பள்ளிக்கூடம் வந்திருக்கிறா. இதை ஏன் அக்கா உள்ளுக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். "ஆதாம் எண்டால் பள்ளிக்கூடம் காது குடுக்கும் எண்டு சபையில சொன்னவை. என்ர பிள்ளை எண்டு சொன்னால் ஆர் தங்கச்சி காது குடுப்பினம்?"

ரெண்டு சொல்லு

நான்தான் உந்தி உந்தி அவவைத் திரும்பவும் கூட்டம் கேக்க வைச்சன். இந்த முறை முசியே மார்செலின்ர வகுப்பறையிலயே இருந்தம். தலைவி வரேல்லை. சுவரில குரங்கு நிமிந்து நிமிந்து மனிசனாகிற பெரிய படம். பூமணி அக்கா அதைக் கவனிக்காமல் அதுக்கு நேர முன்னால போய் இருந்தா. நிரோஜா யன்னல் பக்கம்.

பூமணி அக்கா தாய்ப்பாசை தவிர ஒண்டும் தெரியாத அந்த வாயால சுருக்கமாச் சொன்னா: "என்ர மகன் காணாமல் போனவன். அந்தச் சொல்லை மிருகங்களுக்குச் சொல்லாதேங்கோ." நான் பிரெஞ்சில மாத்த வேணும். "என்ர மகன்" எண்டு தொடங்கினன். எத்தினையோ பேருக்காக எத்தினையோ "நான்" சொல்லியிருக்கிறன், எத்தினையோ "என்ர" சொல்லியிருக்கிறன். அந்த "என்ர மகன்" மட்டும் ரெண்டாந்தரம் தொடங்கித்தான் சொல்லி முடிச்சன். நான் அழுதனான். இந்த வேலையில அழக் கூடாது, ஆனால் அழுதனான்.

முசியே மார்செல் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சார். எனக்குத் தெரியாது மடாம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டார். பேந்து என்னைப் பாத்து, உங்கட பாசையில இது ரெண்டும் வேற வேற சொல்லோ எண்டு கேட்டார். அது என்னட்டக் கேட்ட கேள்வி, நானாவே பதில் சொன்னன். ஓம் முசியே, ரெண்டு சொல்லு. மிருகங்கள் அழிஞ்சு போனது. இவவின்ர மகன் காணாமல் போனவர். அழிஞ்சது எண்டால் முடிஞ்சுது, காணாமல் போனது எண்டால் இன்னும் கண்டுபிடிக்கேல்லை, அவ்வளவுதான்.

யன்னல் பக்கம் இருந்த நிரோஜா அப்பிடியே திரும்பினாள். அவளுக்குத் தமிழ் எண்டால் குசினித் தமிழ்தான். சோறு, குளிர், படி, படு. பிரெஞ்சில அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: இங்க ஆரும் செத்தால் மரியாதைக்கு டிஸ்பாரு எண்டு சொல்லுகினம்தானே, காணாமல் போனது எண்டால் செத்துப்போனதுக்கு மரியாதையான தமிழ் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். அம்மா ஒவ்வொரு கந்தோரிலயும் அண்ணா செத்துப்போனார் எண்டுதான் சொல்லுறா எண்டு நினைச்சன். சொல்லிப்போட்டு, தாயைக் கேக்கப் பயந்து என்னைக் கேட்டாள்: அப்ப அம்மா இன்னும் அண்ணா வருவார் எண்டு பாத்துக்கொண்டோ இருக்கிறா?

அறைக்குள்ள கதைக்கிற எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேணும். சட்டம். பிள்ளை கேட்ட எல்லாத்தையும் நான் தமிழில சொன்னன். பூமணி அக்கா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு மகளைப் பாத்து ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னா: "ஓம்."

அணைஞ்சது

முசியே மார்செல் அண்டைக்கே வழி கண்டுபிடிச்சிட்டார். பிரெஞ்சில அந்த மிருகங்களுக்கு இன்னொரு சொல்லு இருக்காம், விளக்கு அணையிறதுக்குச் சொல்லுற அதே சொல்லு. இனி அதைத்தான் பாவிப்பன் எண்டார். நான் பூமணி அக்காவுக்கு, விளக்கு நூந்த மாதிரி எண்டு விளங்கப்படுத்தினன். அவ தலையாட்டினா. மிருகங்கள் நூந்து போகட்டும், அவள் பாடத்துக்கு இருக்கட்டும், ஆதாமைப் பற்றி நான் வீட்டில சொல்லிக்குடுப்பன் எண்டா. நாங்கள் வெளிக்கிட, முசியே மார்செல் கதவடியில என்னை மறிச்சார். கண்ணாடி இன்னும் மேசையிலதான் கிடந்தது. "மடாம், என்ர அம்மாவையும் நாங்கள் டிஸ்பாரு எண்டுதான் சொல்லுறனாங்கள். அதுக்கு என்ன கருத்தெண்டு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை."

கிளினிக்

அடுத்த வருசம் தொண்டை நோவெண்டு கிளினிக்குக்குப் போனனான். எங்கட வேலை செய்யிறவைக்குத் தொண்டை போனால் எல்லாம் போச்சு. எனக்கு முன் வரிசையில பூமணி அக்காவும் நிரோஜாவும். அதே கோட்டு. நான் ஒரு புத்தகத்தை எடுத்து முகத்துக்கு முன்னால பிடிச்சன். பிள்ளை தாய்க்கு மொழிபெயர்க்கேக்க என்னைக் கண்டால் கூச்சப்படும் எண்டு ஒரு எண்ணம்.

தாதி விலாசம் கேட்டா. பழைய விலாசம்தான், அந்த வில்லரே பேஸ்மென்ற். பேந்து வழமையான கேள்வி, எத்தினை பிள்ளையள். நிரோஜா தமிழில கேக்க, பூமணி அக்கா "ரெண்டு பேர்" எண்டா. அதுக்கு மேல ஒண்டும் சொல்லேல்லை, எனக்கு வடிவாக் கேட்டது. நிரோஜா தாதியைப் பாத்து வாயைத் திறந்தாள். தாய் சொல்லாத ஒரு வசனத்தை அவள் தானாச் சேத்துச் சொன்னாள். எங்கட சட்டப்படி அது முழுப் பிழை, அதுவும் "நான்" இல்லை, "அவ" இல்லை, "நாங்கள்" எண்டு வேற போட்டாள்: "ரெண்டு பேர். அண்ணாவை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்."

மனிசன் எங்கையிருந்து வந்தவன் எண்டு ரெண்டு பாசையிலயும் கூலிக்குச் சொல்லித் திரிஞ்ச எனக்கு, போனவன் எங்க எண்டு ஒரு தாய் கேட்டால் ஒரு பாசையிலயும் வாய் வராது.